சத்தமில்லாத படத்துக்குக் கதை சொன்ன அன்று

அண்ணை,

இன்று காலை என் மனைவி அலுமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்பை இழுத்தெடுத்து, "உந்த விரிப்பை எறிவமோ?" என்று கேட்டாள். நடுவில் உள்ளங்கை அளவில் மஞ்சள் கறை. எறிய விடுவேனா? எங்கள் கட்டடத்தின் கீழ்மண்டபத்தில் நீங்கள் அந்தப் படத்தைப் போட்டபோது திரையாகத் தொங்கியது இந்த விரிப்புத்தான்.

போன மாரியில் நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் செத்தவீட்டுக்கு ரொறன்ரோவே திரண்டது, மார்க்கம், பிக்கரிங் நகரங்களிலிருந்து வந்த கார்களால் நெடுஞ்சாலை அடைபட்டது என்றுதான் எல்லாருக்கும் சொல்லி வருகிறேன். பாதிக் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன என்று சிலர் சொல்லுவார்கள். அவர்களுக்கு எண்ணத் தெரியாது.

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் கட்டடத்து மூத்த தமிழருக்குப் படம் போடுவது உங்கள் வேலை. பழைய தமிழ்ப் படங்களாகவே போட்டுவந்த நீங்கள், ஒரு நாள் ஏறத்தாழ நூறு வருடத்துக்கு முந்தைய அமெரிக்கப் படம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். பேச்சே இல்லாத படம். எடுத்தவர் ஒரு கறுப்பினத்தவர். அவருடைய சனத்தை நல்ல தியேட்டர்களின் முன்கதவால் விடாத காலத்தில், தானே கதை எழுதித் தானே படமும் எடுத்த மனிதர் என்றீர்கள். கட்டடத்து மூத்தோர் சங்கத் தலைவர் முகத்தைச் சுளித்தார். ஆட்கள் இடையில் எழும்பிப் போனால் வெள்ளிக்கிழமைப் படம் அத்தோடு சரி, இனிப் பிங்கோ விளையாட்டுத்தான் என்று தீர்ப்புச் சொன்னார். நீங்கள் ஒத்துக்கொண்டீர்கள்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்டேன். இந்தக் கட்டடத்தில் பாதிப் பேர் கறுப்பினத்து ஆட்கள், எங்கள் சனமோ அவர்களைக் கண்டால் கைப்பையை இறுக்கிப் பிடிக்கிறது, ஒரு மணித்தியாலமாவது அவர்களின் முகத்தைப் பார்க்கட்டும் என்றீர்கள். இந்தக் கட்டடத்துக்கு வந்த பிறகுதான் எங்களுக்குள் பழக்கம், ஆனாலும் சொந்தக்காரர் மாதிரி என் தோளில் கையைப் போட்டீர்கள்.

"தம்பி, திரையிலை வாற இங்கிலிஷ் எழுத்து என்ரை, வாய் உம்மடை. நான் பின்னாலை நிண்டு மெதுவாச் சொல்லுறன். நீர் எடுத்துவிடும்."

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், நட்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான். ஊரில் நான் கதைக்கத் தொடங்கினால் மூன்று ஊர்ச் சனம் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்கும். ஆனாலும் உண்மையைச் சொன்னால், பிறந்த நாள் முதல் எல்லாரும் என்னை வாயை மூடத்தான் சொன்னார்கள். கூப்பிட்டு மைக்கைத் தந்த முதல் ஆள் நீங்கள்.

படம் தொடங்கியதும் முன்வரிசைக் கிழவர் ஒருவர் காதுக் கருவியைக் கழற்றி உதறினார், பற்றரி முடிந்துவிட்டது என்று நினைத்து. பின்வரிசையில் கதிரைகள் அசையும் சத்தம் கேட்டது. தலைவர் கதவடியில் கைகட்டிக்கொண்டு நின்றார். நான் தொண்டையைச் செருமினேன்.

கதாநாயகிக்குப் புவனேஸ்வரி என்று பெயர் வைத்தேன். அவளுடைய தகப்பனைச் சரசாலைப் பக்கத்துத் தோட்டக்காரர் ஆக்கினேன். காணிக்கார வெள்ளையன் ஊரை அதிகாரம் பண்ணும் விதானையார் ஆனான். பட்டணத்தில் தையல் வேலை செய்த மகள் ஊருக்குத் திரும்புகிறாள் என்று நீங்கள் பின்னாலிருந்து ஒரு வரி சொன்னால், நான் வண்டிலும் மழையும் ஒழுங்கையில் குரைத்த நாயும் சேர்த்துக் கொடுத்தேன். திரையில் நாயே இல்லை. அவள் கிட்ட வரும்போதெல்லாம் விரிப்பின் கறை அவள் கன்னத்தில் விழுந்தது. "பிள்ளை மஞ்சள் பூசிக் குளிச்சிருக்கிறாள்" என்று, மன்னாரிலிருந்து வந்ததால் நாங்கள் மன்னார் அன்ரி என்று கூப்பிடும் கிழவி சொல்ல மண்டபமே சிரித்தது. எழும்பினவர்களும் இருந்துவிட்டார்கள்.

பிறகு பந்தங்களோடு ஆட்கள் வந்தார்கள். வீட்டைக் கொளுத்தினார்கள். தோட்டக்காரர் குடும்பம் காட்டுக்குள் ஓடியது. ஆங்கில எழுத்து வந்தது. நான் உங்கள் பக்கம் காதைச் சாய்த்தேன். நீங்கள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நான் மைக்கை இறக்கினேன், அண்ணை. அந்த மண்டபத்தில் யாருக்கும் அந்த இடத்தை விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை. மன்னார் அன்ரியின் வீடும் ஒரு நாள் அப்படித்தான் போனது. அவர் அதைப் பற்றிக் கதைப்பதேயில்லை.

விளக்குப் போட்டார்கள். முதலில் கேட்டது அன்ரிதான்:

"தம்பி, உந்தச் சனமெல்லாம் பிறகு எங்கை போச்சுது?"

நான் வாயைத் திறந்துவிட்டேன். ஒரு கப்பல், ஒரு துரைசாணி, ஒரு தங்கப் பதக்கம் எல்லாம் நாக்கு நுனியில் நின்றன. அதற்குள் நீங்கள் முன்னால் வந்தீர்கள்.

"எங்கடை லிஃப்ற்றிலை ஒவ்வொரு நாளும் ஏறி இறங்குகினம், அன்ரி. நாங்கள்தான் சுவரைப் பாத்துக்கொண்டு நிக்கிறம்."

தலைவர் பிங்கோவைப் பற்றி வாய் திறக்கவில்லை. தானே போய் எல்லாருக்கும் தேநீர் ஊற்றினார்.

சில நாட்களுக்குப் பிறகு நானும் அன்ரியும் லிஃப்ற்றில் நின்றோம். தாதிமார் உடுப்போடு, மேல்மாடியில் இருக்கும் உயரமான கறுப்பினப் பெண்மணி ஏறினார். அன்ரி கைப்பையை மற்றக் கைக்கு மாற்றினார். அண்ணாந்து பார்த்து, எங்கள் ஆட்கள் யாரைக் கண்டாலும் முதலில் கேட்கும் அதே கேள்வியைக் கேட்டார். "யூ, விச் வில்லேஜ்?" அந்தப் பெண்மணி திகைத்து, பிறகு சிரித்து, ஜமெய்க்காவில் ஏதோ ஓர் ஊரைச் சொல்லிக் கையால் அலை காட்டினார். அன்ரி என் பக்கம் திரும்பினார்.

"கடற்கரை ஊராம், தம்பி. எங்கடை பக்கத்து ஆள்தான்."

அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பெண்மணியும் அன்ரியின் பக்கத்தில் வந்திருக்கத் தொடங்கியது உங்களுக்கும் தெரியும். படம் இன்னும் நடக்கிறது. கதை சொல்வது நான்தான். ஸ்காபரோ முழுவதும் என் குரலுக்காகவே வருகிறது என்று வையுங்கள்.

மாரி தொடங்க இரவு வேலைக்கு மாறிப் படத்துக்கு வராமலிருந்த அந்தப் பெண்மணி, போன கிழமை என்னை லிஃப்ற்றில் மறித்து, பின்னால் நின்று மெதுவாகச் சொல்லித்தரும் அந்தப் பெரியவர் எங்கே என்று கேட்டார். சொன்னேன். நெஞ்சில் கையை வைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. நீங்கள் இலங்கை முழுவதுக்கும் தபால் அதிபர், பத்து மொழி தெரிந்தவர், மகாராணியே உங்களைத் தேடி ஆள் அனுப்பினவர் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அடுக்கினேன். அவர் மாடி வந்தும் இறங்காமல், கதவைக் கையால் பிடித்துக்கொண்டு கேட்டார். கடைசியில், நீங்கள் என் கூடப்பிறந்த சகோதரரா என்றார்.

ஓம் என்றேன். அன்று சொன்னவற்றில் நான் கூட்டிச் சொல்லாதது அது ஒன்றுதான், அண்ணை.