பச்சைப் பெட்டியில் உங்கள் பெயர்

மாதா துணை

கொட்டாஞ்சேனை,
புதன்கிழமை.

அன்புள்ள றொபேட்டுக்கு,

நேற்றுச் செபமாலைக்கு இருந்தவர்கள்: நான், மகன் றொஹான், உங்கள் அக்கா பேர்ணடெற், மேல்மாடி எவ்லின். மட்டக்களப்பில் புதுக் கடை திறக்கப் போகும்போது, அதே நேரத்தில் அங்கே நீங்களும் முழந்தாளிடுவதாகச் சொன்னீர்கள். அதனால் உங்களையும் சேர்த்துத்தான் தொடங்கினோம். எல்லோரும் சுகம். றொஹானின் இருமல் குறைந்துவிட்டது.

கொம்பியூட்டரை நான் மூடவில்லை. இந்தக் கடை, ஒருகொடவத்தைக் களஞ்சியம், உங்கள் கடை மூன்றும் ஒரே பெயின்ற் கணக்கைப் பார்க்கும்படி நீங்கள் இணைத்துத் தந்ததிலிருந்து, யார் உள்ளே நிற்கிறார்கள் என்று திரையின் ஓரத்தில் தெரிகிறது. உங்கள் பெயர் பச்சைப் பெட்டியில். அங்கே வேலைக்கு எடுத்த றஷ்மியின் பெயர் ரோஸ் பெட்டியில். நாள் முழுக்கப் பச்சையும் ரோஸும் ஒட்டிக்கொண்டுதான் நிற்கின்றன. நான் பார்க்காதது போலத்தான் இருந்தேன்.

நேற்று செபமாலை பாதியில் பச்சைப் பெட்டி வந்து விலைகளை மாற்றத் தொடங்கியது. அக்கா மணியை உருட்டிக்கொண்டே, "பார் மேபல், உன்ர மனிசன் மாதாவுக்கும் விலை போடுறான்" என்றா. எவ்லின் சிரிப்பை அடக்க இருமினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழும்பிப் போய், வெள்ளை எனாமலுக்கு நேரே குறிப்புக் கட்டத்தில், "செபமாலை நேரத்தில் என்ன வேலை? பக்கத்தில் யார்?" என்று அடித்துவிட்டேன்.

அது மூன்று ஊரிலும் தெரியும் என்பதை மறந்துபோனேன். களஞ்சியத்திலிருந்து சிறில், "மேடம், ஒருத்தரும் இல்லை, நான் தனியத்தான் நிக்கிறன்" என்று கீழே பதில் எழுதியிருந்தான்.

உடனே போன் வந்தது. றஷ்மி. "அக்கா, கோவிக்காதேங்கோ. சேர் கோயிலுக்குப் போயிட்டார். என்ர பேரில விலை மாத்த விடாது. அதுதான் அவர்ர பேரில வந்தனான். பாஸ்வேர்ட் தந்திட்டுத்தான் போனவர்" என்றாள். நீங்கள் கோயிலில் என்று கேட்டதும் மனம் குளிர்ந்தது. அந்தப் பிள்ளையோடு நல்லபடியாகக் கதைத்துப் போனை வைத்திருப்பேன். அவள் விடவில்லை. "அந்தப் பாஸ்வேர்டில இருக்கிற இமெல்டா எண்டது ஆரக்கா? வடிவான பேர்" என்றாள்.

றொபேட், பொரளை மயானத்தில் வைத்த சின்னக் கல்லிலும் அந்தப் பெயர் இல்லை. றொஹானுக்குத் தனக்கு முன்னால் ஒரு அக்கா பிறந்து கண் திறக்காமல் போனது தெரியும், பெயர் தெரியாது. உங்களுக்கும் எனக்கும் ஆண்டவருக்கும் மட்டும் என்றுதானே வைத்தோம்? உங்கள் விரல்கள் தினமும் அதை ஒருதரம் அடிக்கும் என்று எனக்குள் ஒரு ஆறுதல் இருந்தது. இப்போது, நான் பத்து மாதம் சுமந்ததை அவள் எழுத்துக்கூட்டி அடித்து, வாளி விலை மாற்றுகிறாள்.

உங்களையும் அவளையும் பற்றித் தப்பாக நினைத்தது பிழைதான். ஆனால் அப்படி ஏதும் இருந்திருந்தாலும் இவ்வளவு எரிந்திருக்காது. போனில் சொன்னால் அவள் பக்கத்தில் நிற்பாள். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

விலை மாற்ற அவளுக்குத் தனி அனுமதி கொடுங்கள். உங்கள் பாஸ்வேர்டை மாற்றுங்கள். கடையின் பெயரை வையுங்கள், என் பெயரை வேண்டுமானாலும் வையுங்கள். பிள்ளையை என்னிடம் திருப்பித் தாருங்கள்.

மாதா உங்களைக் காக்கட்டும். றஷ்மிக்காகவும் செபித்தேன், கடைசியாக.

மாற்றியாயிற்றா என்று கெதியாய்ப் பதில் போடுங்கள்.

மேபல்