பூச்சி என்பது நான்தான்

மார்ச் 4, புதன்

காலையில் ஒரு வீல்சேரின் முன்சக்கரத்தில் சிக்கியிருந்த முடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ள நான் பிடித்திருக்கும் புதுக் கம்பெனியிலிருந்து மெயில். எங்கள் வெப்சைட்டின் டொமைனை, அதாவது அதன் முகவரியை, அவர்களிடம் மாற்ற முடியவில்லையாம். பழைய கம்பெனி தருகிற ரகசியக் குறியீடு வேண்டுமாம். பழைய கம்பெனியில் கணக்கு அண்ணன் பெயரில் இருக்கிறது. பத்து வருடத்துக்கு முன்பு இருவரும் ஒரே பட்டறையில் இருந்தபோது அவன்தான் பதிவு செய்தான். பேச்சும் விற்பனையும் அவன், ஸ்பேனர் நான்.

அவனுக்கு போன் செய்தேன். பார்க்கலாம் என்றான். அண்ணன் அகராதியில் அதற்கு முடியாது என்று அர்த்தம்.

மார்ச் 6, வெள்ளி

அவன் கடைக்கே போனேன். பட்டறையைவிட்டுப் பிரிந்து போய்த் திறந்த கடை. பளபளவென்று புது வீல்சேர்கள், ஒன்றிலும் ஒரு கீறல் இல்லை.

"பூச்சி, அந்த அட்ரஸ என்கிட்டயே விட்டுடு. அதுல வர்றவங்கள என் கடைப் பக்கம் திருப்பிக்கிறேன். நீ வேற ஒண்ணு வாங்கிக்கோ."

ஐம்பதை நெருங்குகிறேன், இவர்களுக்கு இன்னும் நான் பூச்சிதான். போகட்டும். வேறொன்று வாங்குவது பெரிய காரியமா? ஆனால் நான் பழுது பார்த்த ஒவ்வொரு வீல்சேரின் சீட்டுக்கு அடியிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். ஆயிரத்துக்கு மேல் இருக்கும். எல்லாவற்றிலும் இந்த முகவரிதான். பிரேக் நழுவினால் சீட்டைத் தூக்கு, முகவரியைத் தட்டு, படத்தைப் பார்த்து நீயே சரிசெய். அப்படித் தட்டுகிறவர்களிடம் புதுசு வாங்கச் சொல்லப்போகிறானாம், ஒரு நட்டை இறுக்கினால் தீர்கிற விஷயத்துக்கு.

தரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கதவை அடித்துச் சாத்தப் பார்த்தால், அது தானாக மெல்ல மூடுகிற கதவு. கோபத்துக்குக்கூட உதவாத கதவு.

மார்ச் 7

தரமாட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

பழைய கம்பெனிக்கு போன். நாற்பது நிமிடம் ஒரே மெட்டைக் கேட்க வைத்தார்கள். கடைசியில் வந்த பெண் பொறுமைசாலி. கணக்கு யாருடையதாக இருந்தாலும், டொமைனின் உரிமையாளராகப் பதிவானவர் கேட்டால் குறியீட்டைத் தந்தாக வேண்டும் என்றாள். உரிமையாளர் யார் என்று கேட்டேன். கீபோர்டைத் தட்டிப் பார்த்தாள்.

"பூச்சின்னு போட்டிருக்கு மேடம்."

அடப்பாவி அண்ணா! பெயர் கேட்ட கட்டத்தில் வீட்டில் கூப்பிடுகிற பெயரை அடித்து வைத்திருக்கிறான். அந்தப் பூச்சி நான்தான் என்றேன். அடையாள அட்டை அனுப்பச் சொன்னாள். எந்த அட்டையில் பூச்சி இருக்கும்? பாஸ்போர்ட்டில் இருக்குமா, கரண்ட் பில்லில் இருக்குமா?

மார்ச் 13, வெள்ளி

பூச்சி நான்தான் என்று தெருக்காரர்கள் பன்னிரண்டு பேர் எழுதிக்கொடுத்ததை அனுப்பினேன். செல்லாதாம். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன்னிலையில் பிரமாணப் பத்திரம் வேண்டுமாம், ரத்த சொந்தம் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

எனக்கு ரத்த சொந்தம் இரண்டே பேர். ஒன்று அண்ணன். இன்னொன்று அம்மா, அண்ணன் வீட்டில் இருக்கிறாள்.

அவளை இதில் இழுக்கலாமா? நாளைக்கு அவன் முகத்தில்தானே அவள் விழிக்க வேண்டும்? நானெல்லாம் ஒரு மகளா — ஆனா எனக்கு வேற யாரு இருக்கா? யாருகிட்டப் போய் நிப்பேன்?

மார்ச் 16, திங்கள்

அண்ணன் கடைக்குக் கிளம்பிய பிறகு அவன் வீட்டுக்குப் போனேன். அம்மா ஜன்னலோரம் தன் வீல்சேரில் இருந்தாள். பதினான்கு வருடமாக அதே வண்டி. நான் முதன்முதலில் பழுது பார்த்தது அதைத்தான். எதையும் மறைக்கவில்லை. கையெழுத்துப் போட்டால் அண்ணனுக்குக் கோபம் வரும் என்பதையும் சொன்னேன். வண்டியின் பிரேக்கை ஒருமுறை போட்டு எடுத்தாள். பிறகு நல்ல உடையாக ஒன்றை எடுக்கச் சொன்னாள்.

அண்ணி வாசல்வரை வந்தாள். அம்மாவின் கண்ணாடியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நோட்டரிக்கு ஒரே சிரிப்பு. இப்படி ஒரு பெயரை யார் வைத்தது என்றார். அம்மா சிரிக்கவில்லை.

"நான்தான் வச்சேன். குறைமாசத்துல பொறந்தா. தங்காதுன்னு சொன்னாங்க. பூச்சி மாதிரி என்மேல ஒட்டிக்கிட்டுக் கெடந்தா, விடவே இல்ல."

கை கால் ஒல்லியாக இருந்ததால் வைத்த பெயர் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அந்த ஆள் முன்னால் அழுதுவிட்டேன். வெட்கமாக இல்லை.

அண்ணனிடம் தானே சொல்லிக்கொள்வதாக அம்மா சொன்னாள்.

மார்ச் 20, வெள்ளி

குறியீடு வந்துவிட்டது! உடனே புதுக் கம்பெனிக்குக் கொடுத்தேன். இதிலும் ஒரு கொக்கி. கணக்கு அண்ணனுடையது என்பதால் அவனுக்கும் தகவல் போகுமாம். ஐந்து நாளுக்குள் அவன் மறுப்பு என்று ஒரு தட்டுத் தட்டினால் எல்லாம் நின்றுவிடும். தட்டட்டும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

மார்ச் 23

இன்னும் தட்டவில்லை. அம்மாவுக்கு போன் செய்தேன். சொல்லிவிட்டாளாம். அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனானாம். எனக்கும் இன்று சாப்பாடு இறங்கவில்லை. அதற்காக விட்டுக்கொடுப்பதாக இல்லை.

மார்ச் 25, புதன்

மாறிவிட்டது. இனி என் கணக்கு. உரிமையாளர் பெயரைத் திருத்த வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். பூச்சியே இருக்கட்டும், பத்திரம்தான் கையில் இருக்கிறதே.

அண்ணன் வேண்டுமென்றே விட்டானா, மெயிலைப் பார்க்கவே இல்லையா? கேட்கப்போவதில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

மதியம் அண்ணன் போன் செய்தான். அன்று கடையில் பேசியதற்குப் பிறகு இன்றுதான். அம்மா வண்டியில் இடது பிரேக் பிடிக்கவில்லையாம். கடையிலிருந்து புது வண்டி கொண்டுவந்து நிறுத்தினானாம். அதில் உட்காரமாட்டேன் என்று அம்மா ஒரே பிடிவாதமாம்.

"எப்படிப் பூச்சி சரிபண்றது?"

அவன் வீட்டுக்குப் பத்து நிமிட நடைதான். ஸ்பேனரைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். பிறகு வைத்துவிட்டேன்.

"அம்மாவக் கட்டில்ல உக்கார வச்சுட்டு சீட்டத் தூக்கிப் பாருண்ணா. அடியில ஒரு ஸ்டிக்கர் இருக்கும்."