மேனேஜருக்கு வந்த கவர்

செங்கற்பட்டு,
9-8-1955

அன்புள்ள அம்மாவுக்கு மகன் ஞானமுத்து வணக்கத்துடன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தங்கை எஸ்தருக்கு இருமல் நின்றதா?

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது, பயப்பட ஒன்றுமில்லை. நான் ஞாயிறுதோறும் பார்க்கப் போகும் ஃபுட்பால் டீம் தோற்றுத் தோற்று இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிட்டது. வெங்கடராகவன் என்பவர் புது மேனேஜராக வந்தார். வந்த மாதமே கோல் கீப்பர் மோசஸ் மதராஸ் டீமுக்குப் போய்விட்டான். மேனேஜர்தான் காசு வாங்கிக்கொண்டு தள்ளிவிட்டார் என்று டீக்கடையில் ஒரே பேச்சு.

போன வாரம் என் சிநேகிதன் தாவீது தபாலாபீஸில் என் ஜன்னலுக்கே வந்துவிட்டான். "மெட்ராஸ்லேர்ந்து மேனேஜருக்குக் கவர் வந்துகீதாமே? ஆவில காட்டிப் பிரிச்சிடு மச்சான். பாத்துட்டு ஒட்டிடலாம்" என்றான்.

கவர் என் கையில்தான் இருந்தது. "அடுத்தவர் கடுதாசியைப் பிரிக்க மாட்டேன்" என்றேன்.

"ஓகோ, நீயும் அவரு ஆளா?" என்று போய்விட்டான்.

சாயந்திரம் கவரை வாங்க வந்த மேனேஜரோ, ஒட்டிய இடத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்க அந்த டீக்கடை கோஷ்டிதானே?" என்றார்.

உள்ளே என்ன இருந்ததோ, எனக்கும் சந்தேகம்தான். இந்த ஞாயிறு மேட்சுக்குப் போகவில்லை. அறையில் நன்றாகத் தூங்கினேன்.

பாளையங்கோட்டையிலிருந்து யாராவது இந்தப் பக்கம் வந்தால் கருப்பட்டி கொடுத்தனுப்புங்கள். எஸ்தரை வாரம் ஒரு கார்டு போடச் சொல்லுங்கள், இரண்டு வரி போதும். நாள் முழுக்க ஊரார் பெயரையே படிக்கிறேன். நடுவில் என் பெயரும் ஒன்று வரட்டும்.

தபால் பை கட்டக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள்
ஞானமுத்து