தேங்காயெண்ணெய் குடித்த மிஷின்

அப்பா,

தையல் மிஷினைப் பார்க்க இன்று காலை வானூரிலிருந்து மெக்கானிக் வந்திருந்தார். மிஷினைப் பின்பக்கமாகச் சாய்த்து, அடியில் முகத்தை வைத்து முகர்ந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "ஏம்மா, இதுக்கு யாருங்க தலைக்குத் தேச்சு விட்டது?" என்று கேட்டார். நானும் குனிந்து முகர்ந்து பார்த்தேன். எங்கேயோ ஒரு மூலையில் சிக்குப் பிடித்த தேங்காயெண்ணெய் வாடை. நீ போய் வருஷம் திரும்பப் போகிறது, உன் எண்ணெய் மட்டும் இன்னும் காயவில்லை.

"எங்கப்பாங்க" என்றேன்.

"அவர் டெய்லரா?"

"இல்லீங்க, உப்பளத்துல உப்பு வாருனாரு, பம்பு என்ஜினும் ஓட்டுனாரு."

எல்லாம் விளங்கிவிட்டதுபோல் அவர் தலையை ஆட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சமையல்கட்டுக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன்.

அந்த மார்கழி நினைவிருக்கிறதா என்று உன்னைக் கேட்கவே வேண்டாம். என் மகள் மாதம் நிறைவதற்கு முன்பே அவசரப்பட்டுப் பிறந்துவிட்டாள். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து, எடை கொஞ்சம் ஏறியதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். "உடம்புச் சூடு இறங்கக் கூடாதும்மா, தலையில தொப்பி எப்பவும் இருக்கணும்" என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார். என் வீட்டுக்காரர் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டார். நான் உன் வீட்டுக் கட்டிலில் வந்து படுத்தேன். மழைத்தண்ணீர் வடியாமல் உப்பளம் முழுக்க ஏரியாகக் கிடந்தது. தை பிறந்து பாத்தி கட்டும் வரை உனக்கு வேலை இல்லை. வேலை இல்லாத நீ எவ்வளவு ஆபத்தானவன் என்பது அம்மாவுக்குத்தான் தெரியும்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் குழந்தையைத் தூக்கினார்கள். நீ மட்டும் தூக்கவில்லை. வாசற்படியில் நின்று எட்டிப் பார்ப்பாய். "தூக்குப்பா" என்றால், "இப்பத்தான் வெளிய போய்ட்டு வரேன்" என்பாய். இன்னொரு நாள் "இன்னும் குளிக்கல" என்பாய். ஒரு நாள் "பீடி குடிச்சிருக்கேன்" என்றாய். நீ பீடி குடித்து நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. என் மாமியார் வந்திருந்த அன்று, நீ கேட்கிற தூரத்திலேயே, "பொட்டப் புள்ளன்னு உங்கப்பாவுக்கு மனசில்ல போலிருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். நீ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனாய். அன்றிலிருந்து எனக்கு வேறு எந்த நினைப்பும் ஓடவில்லை. நீ அவளை ஒரு தரம் தூக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. கேட்கவும் ரோஷம் விடவில்லை.

அந்த நேரத்தில்தான் நீ ஃப்ளீஸ் துணி மூட்டையைக் கண்டுபிடித்தாய். நான் வேலை பார்த்த ஆரோவில் விருந்தினர் இல்லத்தில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரம்மா, ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. ஆட்டுக்குட்டி முதுகு மாதிரி மெத்தென்று இருக்கும். நம் ஊர் வெயிலுக்கு அதை வைத்து என்ன செய்வது என்று பரணில் போட்டிருந்தேன். நீ அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "தொப்பி கடையில எதுக்கு வாங்கணும்? நானே தச்சிடுறேன்" என்றாய்.

"உனக்குத் தைக்கத் தெரியுமா?" என்று அம்மா கேட்டாள்.

"சக்கரம் இருக்குது, பெல்ட்டு இருக்குது. இதுவும் என்ஜின்தான்."

அம்மாவின் கல்யாணச் சீராக வந்த மிஷின் அது. வந்த நாளிலிருந்து அதன் தலையை உள்ளே மடக்கி மேலே டிவி வைத்திருந்தோம். டிவியைத் தரையில் இறக்கியதில் அம்மா உன்னோடு அன்று முழுவதும் பேசவில்லை. நான் கட்டிலில் படுத்தபடி போனில் வீடியோ பார்த்துச் சொல்ல, நீ செய்தாய். எனக்கும் தைக்கத் தெரியாது என்பதை நாம் இருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீடியோவில் பேசிய பெண், கற்றுக்குட்டிகளுக்கு இதைவிட நல்ல துணி கிடையாது என்றாள். வெட்டினால் நூல் பிரியாது, ஓரம் மடித்துத் தைக்க வேண்டாம். துணி எந்தப் பக்கம் இழுபடுகிறதோ, அந்தப் பக்கம் தலையைச் சுற்றி வர வேண்டும். நீ முதல் தொப்பியைக் குறுக்கே வெட்டினாய். அது இழுபடவே இல்லை. அளவு பார்க்கவும் நீ குழந்தையைத் தொடவில்லை, அம்மாவை விட்டு நூலால் அவள் தலையை அளக்கச் சொன்னாய். அந்த நூலுக்குச் சரியாக உரித்த தேங்காய் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதற்குத்தான் போட்டுப் பார்த்தாய். மறுநாள் காலை அம்மா அதை உடைத்துச் சட்னி அரைத்துவிட்டாள்.

"ஏண்டி, அளவுத் தேங்காய்டி அது" என்றாய்.

"தொப்பி போட்ட தேங்காய் எது, போடாத தேங்காய் எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? அது கழட்டி வச்சிருந்துது" என்றாள் அம்மா.

அப்புறம் துணிக்கு அடியில் நூல் குருவிக்கூடு மாதிரி கட்டிக்கொண்டது. நீ அடிநூல் சுற்றிய பாபினைத் திட்டினாய், நூல் விற்ற கடைக்காரரைத் திட்டினாய். அடியில் சிக்கினால் கோளாறு மேல்நூலில்தான், முழுசாக உருவி மறுபடி கோத்துப் பாருங்கள் என்று வீடியோவில் சொன்னார்கள். நான் சொன்னதை நீ நம்பவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் கோத்தாய், அதுவும் துணியை அழுத்திப் பிடிக்கிற மிஷின் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு. சிக்கல் போய்விட்டது. "நானும் அதத்தான் சொன்னேன்" என்றாய்.

தையல் விட்டு விட்டு விழுந்ததற்கு ஊசிதான் காரணம். கடல் காற்றில் அது டிவிக்கு அடியில் கிடந்தபடியே துருப்பிடித்திருந்தது. புது ஊசி போட்டாய். துணியை நீ பம்பு பெல்ட்டை இழுக்கிற மாதிரி இழுத்துத் தைத்ததில் ஓரமெல்லாம் பொரித்த அப்பளமாக நெளிந்தது. இழுக்காதே, அதுவாகப் போகட்டும், தையலைக் கொஞ்சம் நீளமாக வை என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டது. ஊசித் தட்டுக்கு அடியில் பஞ்சு அடைத்துக்கொண்டபோது பழைய பல் பிரஷ்ஷால் துடைக்கச் சொன்னேன். நீ என்ஜின் ஃபில்டரை ஊதுவதுபோல வாயால் ஊதினாய். எல்லாம் உன் மீசைக்கு வந்தது. அன்று சாயங்காலம் வரை நீ நரைத்தே இருந்தாய்.

இத்தனைக்கும் பிறகு ஒரு தொப்பி தேறியது. ஒரு போர்வையும் தேறியது. அப்போதுதான் மிஷினுக்கு அந்த வியாதி வந்தது. காலையில் சக்கரம் சுற்றாது. மிதியை எவ்வளவு மிதித்தாலும் முனகும். வெயில் ஏறி ஜன்னல் வழியாக உள்ளே வந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். மறுநாள் காலை மறுபடி அதே கதை.

நீ இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு யோசித்தாய். "குளிருல என்ஜின் ஸ்டார்ட் ஆவாது. பம்புக்கு நான் சாக்கு போத்துவேன்ல, அதே கேசுதான்" என்றாய். அன்று சாயங்காலம் குழந்தைக்குத் தைத்த போர்வையை எடுத்து மிஷினுக்குப் போர்த்தி, கயிறு கட்டிவிட்டாய்.

அம்மா மிஷினையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "புள்ளைக்குத் தச்சியா, மிஷினுக்குத் தச்சியா?"

"மிஷினு நல்லா இருந்தாதான் புள்ளைக்கு அடுத்தது தைக்க முடியும்."

போர்த்தியும் காலையில் அது ஓடவில்லை. குழந்தைக்குத் தடவ அம்மா தேங்காயெண்ணெய் பாட்டிலை எடுத்தாள். உள்ளே வெள்ளையாக உறைந்திருந்தது. அதை வெயிலில் வைக்கப் போனவள் பாதி வழியில் நின்றாள்.

"இன்னா எண்ண ஊத்துன அந்த மிஷினுக்கு?"

நீ மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டாய். அப்புறம், "என்ஜின் ஆயிலு துணியில கருப்பா பட்டுடும். புள்ள போடுற துணி. அதான் சுத்தமான எண்ணெயா ஊத்துனேன்" என்றாய்.

"சுத்தமான எண்ணெதான். அது உறைஞ்சு போச்சு, இது உறையாதா?"

நான் ஆபரேஷன் தையல் பிரிந்துவிடுமோ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. மண்ணெண்ணெய் வாங்கி வந்து, ஒவ்வொரு ஓட்டையாக விட்டு, துணியால் துடைத்து, கடையில் விற்கிற மிஷின் எண்ணெயை ஒவ்வொரு சொட்டாக விட்டாய். ஏதோ ஒரு ஓட்டை உன் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது. இன்றைக்குத்தான் அந்த மெக்கானிக் அதைக் கண்டுபிடித்தார்.

மிஷின் சரியானதும் தொப்பியில் நிறுத்துவாய் என்று நினைத்தேன். நீ நிறுத்தவில்லை. தரையில் துணியை விரித்து, அதன்மேல் விரல்களைச் சேர்த்து உன் கையை வைத்து, அடுப்புக்கரியால் சுற்றிக் கோடு போட்டாய். இரண்டிரண்டாக வெட்டி, மணிக்கட்டுப் பக்கம் விட்டு மற்ற ஓரமெல்லாம் தைத்து, உள்வெளியாகத் திருப்பினாய். முறம் முறமாக இரண்டு கையுறை.

"இது புள்ளைக்கு எப்போ போடுறது? கல்யாணத்துக்கா?" என்று அம்மா கேட்டாள்.

நீ குளிக்கப் போனாய். வந்து வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, கையுறை இரண்டையும் மாட்டிக்கொண்டு என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாய். "குடு" என்றாய்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"என் கையப் பாத்தியா? உப்புக் கை. பாத்தியில வாரி வாரி வெடிச்சுக் கிடக்குது. இந்தத் துணிய தொட்டாலே புடிச்சு இழுக்குது. புள்ள தோலு வெங்காயத்தோல் கணக்கா இருக்குது. கீறிட்டா இன்னா பண்றது? அதான் தூக்கல. நீ வேற எதுவோ நெனச்சுக்கினு இருந்த."

நான் நினைத்தது உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் வாயால் மறுத்துப் பேசாமல், உட்கார்ந்து தைத்திருக்கிறாய். உன்மேல் எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா அப்பா? வந்த கோபம் அப்படியே அழுகையாகப் போனது.

கொடுத்தேன். தூக்கத்தான் உன்னால் முடியவில்லை. கட்டைவிரலுக்கு இடம் விட நீ மறந்திருந்தாய். பிடிமானம் இல்லாமல் குழந்தை வழுக்கியது. அம்மா பாய்ந்து வந்து உன்னைப் பாயில் உட்காரவைத்து, மடியில் அவளைக் கிடத்தினாள். நீ மூச்சுகூட விடாமல் உட்கார்ந்திருந்தாய். அவளும் உன்னை உற்றுப் பார்த்துவிட்டு, நிதானமாக ஒன்றுக்குப் போனாள். அந்தத் துணி ஒரு சொட்டையும் உறிஞ்சவில்லை. அத்தனையும் உன் கையுறைமேல் உருண்டு வேட்டியில் இறங்கியது.

"துணி நல்ல துணிதான். தண்ணியே இறங்கல" என்றாய்.

"கையில இருக்கறத கழட்டுப்பா" என்றேன்.

கழற்றினாய். வேறு வழியில்லாமல் வெறுங்கையால் அவள் முதுகைத் தாங்கிப் பிடித்தாய். கீறவில்லை. அவள் கொட்டாவி விட்டுவிட்டு உன் கையிலேயே தூங்கினாள். மதியச் சாப்பாட்டை அம்மா உனக்கு ஊட்டிவிட்டாள். ஊட்டும்போது நீ வாயைத் திறந்த அழகை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

அதற்குப் பிறகு அவள் உன்னைவிட்டு இறங்கவே இல்லை. வேர்க்குரு வந்த கோடையில் பவுடர் வேண்டாம், விசிறி வேண்டாம் என்பாள். சட்டையைத் தூக்கிக்கொண்டு உன் முன்னால் வந்து முதுகைக் காட்டுவாள். நீ விரலால் சொறியக்கூட வேண்டாம், வெடித்த உள்ளங்கையை மேலும் கீழும் தேய்த்தாலே போதும். கண் சொருகி அப்படியே நிற்பாள்.

இந்தச் சித்திரையிலும் வேர்க்குரு வந்தது. பழக்கத்தில் சட்டையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். தேய்த்துவிட்டேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். திரும்பி என் கையை வாங்கி, உள்ளங்கையை விரித்து, உன்னிப்பாகப் பார்த்தாள்.

"உன் கையில ஒண்ணுமே இல்லம்மா" என்றாள்.

இல்லைதான். என்னை நீ ஒரு நாளும் உப்பில் இறங்க விடவில்லை. பாத்திப் பக்கம் வந்தால் மண்கட்டியை விட்டெறிந்து பள்ளிக்கூடத்துக்குத் துரத்துவாய். நீ எனக்கென்று சேர்த்து வைத்துவிட்டுப் போனது இந்த மெத்தென்ற கைகளைத்தான். உன் பேத்திக்கு அது பத்தவில்லை, அப்பா.