நெறுநெறுத்த வண்டல்

14 நவம்பர் 2023, செவ்வாய்க்கிழமை, மாலை 6.10
கடிதம் எண் 31. பொருள்: என் பல்செட்

அன்புள்ள இல்லாளுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தணிந்திருக்கும் என நம்புகிறேன்.

நேற்று, 13ஆம் தேதி, ஆற்றோரச் சதுப்பின் வண்டலைப் பரிசோதித்தோம். ஆய்வகக் கருவி அதைக் களிமண் என்றது. பழைய வழக்கப்படி நானும் ஒரு சிட்டிகையைப் பல்லிடையே வைத்துப் பார்த்தேன். வழுவழுத்தால் களிமண், நெறுநெறுத்தால் நுண்மணல். எனக்கு நெறுநெறுத்தது. முடிவைத் திருத்தியே ஆக வேண்டுமென்றேன்.

"ஐயா, சாயங்காலம் அறிக்கை போயாகணும். நிச்சயமாத் தெரியுமா?" என்றார் ஆய்வகத் தலைவி.

"நாப்பது வருஷமா மண்ணு தின்னவன்மா நான்."

நான் துப்பிய துகளை அவர் நுண்ணோக்கியில் பார்த்தார். "குவார்ட்ஸ் இல்ல, மைக்காவும் இல்ல. இது மணலே இல்ல. ஐயா, கொஞ்சம் வாயைத் திறங்க."

பல்செட்டின் ஓரம் உடைந்திருந்தது. அறிக்கை களிமண் என்றே போயிற்று. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அலமாரியிலுள்ள பழைய பல்செட்டை உடனே அனுப்பவும். அதுவரை குழைந்த சோறுதான். எதிரில் அமர்ந்து உண்பவர் எவருமில்லாததால் வெட்கமும் இல்லை. பொட்டலத்தில் இடமிருக்கும், நாலு வரி எழுதி வை.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

உன் கணவன்

இணைப்பு:
1. உடைந்த பல் துண்டு, மருத்துவரிடம் காட்ட.
2. மேற்படி மண், ஒரு சிட்டிகை. உன்னுடையது சொந்தப் பல். கடித்துப் பார்த்து நீயே தீர்ப்புச் சொல்.