ஆறு கூட்டல் ஒன்று

இன்று காலை பத்தரைக்கு உறுதியானது: அழைப்பிதழிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர் மாஸ்டரின் பெயரை எடுத்துவிட்டார்கள். தொலைபேசியில் சொன்னவர், பழைய வீட்டுக் கம்ப்யூட்டர் ஆட்டங்களின் இசையை ஞாயிற்றுக்கிழமை அடையாறில் மேடையேற்றும் பெண். முதல் உருப்படி உன் மெட்டு.

முந்தைய அழைப்பிதழ் என் மேசையில்தான் கிடக்கிறது. அலங்காரத்துக்காக அந்த மெட்டு வரும் ஆட்டத்தின் புரோகிராம் வரிகளை அச்சிட்டிருக்கிறார்கள். ஏழு வர வேண்டிய இடமெல்லாம் 6+1. அதைப் பார்த்ததும் எனக்குக் காபி வாசனை வந்தது.

மயிலாப்பூரில் உன் வீட்டு மாடி. உன் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டர், டி.வி.யோடு இணைத்தது. நீ எழுதிய ஆட்டத்தின் கேசட் ஐந்து நிமிடம் கிரீச்சிட்ட பிறகு, பஸ்ஸைத் துரத்தும் உன் ஆள் திரையில் ஓடுவான். கொசு பாடுவதுபோல் ஒற்றைக் குரலில் உன் மெட்டு கிளம்பும். அந்த மெட்டைத் தட்ட நீ உட்கார்ந்த முதல் நாளே விசைப்பலகையில் நான் காபியைக் கொட்டினேன். ஏழு என்ற விசை மட்டும் செத்தது.

"இன்னா மச்சி, ஊத்தினதுதான் ஊத்தின, எட்டு மேல ஊத்தியிருக்கக் கூடாதா? ஏழுதான்டா பஞ்சமம்."

அந்த மெஷினில் சுரங்களை எண்களாகத்தான் தட்ட வேண்டும்: சட்ஜம் பூஜ்யம், பஞ்சமம் ஏழு. பஞ்சமம் இல்லாமல் உன் மெட்டு நகராது. தலையைச் சொறிந்துவிட்டு 6+1 என்று தட்டினாய். கடைசிவரை அப்படியே தட்டினாய்.

கேட்டுச் சொல்லுங்கள் என்று தி. நகரில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திய மாஸ்டரிடம் கேசட்டைக் கொடுத்தாய். ஆறு மாதம் கழித்து, பனகல் பார்க் எதிரே ஒரு கடையில் உன் மெட்டு ஒலித்தது. விற்பனைக்கு வந்த ஆட்டக் கேசட்டின் உறையில் அவர் பெயர். நான் சண்டைக்குக் கிளம்பினேன். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். "வுட்றா மச்சி. ஒரு பாட்டுதானே." ஆனால் அதன்பிறகு நீ ஒரு சுரம்கூட எழுதவில்லை. இரண்டு வருடம் முன்பு நீ போகும்வரை அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

நீ விட்டாய். நான் விடவில்லை.

போன வாரம் பேட்டி என்று சொல்லி அவர் வீட்டுக்குப் போனேன். நல்ல உபசாரம். அவர் அனுமதியோடு ஒலிப்பதிவை ஓடவிட்டு, ஏன் 6+1 என்று கேட்டேன்.

"அது ஒரு டெக்னிக் சார். அப்படிப் போட்டாத்தான் மெஷின் வேகமா வாசிக்கும்."

உண்மையில் கூட்டல் போட்டால் மெஷின் தாமதிக்கும். நான் மறுக்கவில்லை. அவர் சொன்னதை அவருக்கே வாசித்துக் காட்டினேன். தலையாட்டினார். அவ்வளவு நிதானமாக நான் எந்தப் பேட்டியும் எடுத்ததில்லை.

மறுநாள் பெருங்குடியில் உன் தங்கை பரணிலிருந்து மெஷினையும் நீ மெட்டு எழுதிய நோட்டையும் இறக்கினாள். பழுது பார்ப்பவர் மின்சாரம் கொடுத்தார். விசைகளை ஒவ்வொன்றாக அழுத்தினேன். ஏழு மட்டும் வாய் திறக்கவில்லை. என் காபிக் கறை இன்னும் அதன் ஓரத்தில் இருக்கிறது. இத்தனை வருடம் அதை நினைத்து வெட்கப்பட்டேன்; இப்போது இல்லை.

ஒலிப்பதிவு, நோட்டு, மெஷின் மூன்றையும் அந்த நிகழ்ச்சிப் பெண்ணிடம் கொடுத்தேன். மெஷின் ஞாயிறன்று மேடையில் இருக்கும். அவரையும் அழைத்திருக்கிறார்கள், அதே கேள்வியை எல்லார் முன்னாலும் கேட்கும் வேலை எனக்கு. அவர் பதில் சொல்லி முடித்ததும், மெஷினை அவர் பக்கம் தள்ளி, ஏழு என்ற விசையை அழுத்தச் சொல்வேன். நீ இருந்தால் என் சட்டையைப் பிடித்து இழுப்பாய் என்று தெரியும்.

உன் பெயர் அச்சில் வருவது, நோட்டைச் சரிபார்த்த பிறகு. அதுவும், அவர் வருகிறாரா என்பதும் வெள்ளிக்கிழமை மாலைக்குள் தெரியும் என்றார் அந்தப் பெண்.

நான் வருகிறேன் என்று இன்றே சொல்லிவிட்டேன்.