ஜன்னலில் கட்டிய நீலச் செருப்பு

14.8.2001, செவ்வாய்

வீட்டுக்கு வீடு மாட்டியிருக்கும் இயேசுவின் கடைசி இராவுணவுப் படத்தைப் பிய்ந்த ரப்பர் செருப்புகளால் செய்துகொண்டிருக்கிறேன். எல்லாம் எர்ணாவூர் கடற்கரையில் பொறுக்கியவை. கடலைப் பார்த்த கொட்டகை வாசலில் பழைய மீன்வலையைத் தொங்கவிட்டு, அதில் ஒவ்வொன்றாகக் கட்டினேன். இயேசுவின் தலைக்குப் பின்னால் வரும் ஜன்னலுக்கு நல்ல நீலத்தில் ஒரு ஜோடி கிடைத்திருந்தது.

சாயங்காலம் மீன்கூடையோடு வந்த ஸ்டெல்லா அக்கா படத்தின் முன் நின்றார். கும்பிடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அந்த நீலச் செருப்பைத் தொட்டார்.

"வார்ல ஊக்கு குத்திக்கீது பாரு, நாந்தான் குத்தினேன். எங்க வூட்டுக்காரருது. எங்கேர்ந்து எடுத்தே?"

"படகு தள்ளுற எடத்தாண்ட மணல்ல கெடந்துச்சுக்கா. கடல் ஒதுக்குனதுன்னு..."

கடலுக்குப் போகிறவர்கள் செருப்பைக் கரையில் விட்டுவிட்டுத்தான் படகேறுவார்கள். தினம் பார்த்தும் எனக்கு அது உறைக்கவில்லை. அக்காவின் வீட்டுக்காரர் கடலுக்குப் போய்ப் பத்து நாள் ஆகிறது. படகும் வரவில்லை.

"வூட்டுக்கு எடுத்துகினு போயிடுக்கா."

"வூட்டுக்கு எதுக்கு? வந்து எறங்குனா அங்கதான தேடுவாரு!"

அவிழ்த்துக்கொண்டு போய் எடுத்த இடத்திலேயே வைத்தேன். அக்கா குனிந்து, கடலிலிருந்து வருகிறவர் நேராகக் காலை நுழைக்கும்படி திருப்பி வைத்தார்.

இப்போது படத்தின் ஜன்னலில் வெறும் வலைதான். அதன் வழியே கடல் தெரிகிறது. அதை அடைக்க நான் எதுவும் தேடப் போவதில்லை.

கண் சொக்குகிறது. படத்தின் ஜன்னல் வழியே கடலில் ஒரு விளக்கு ஆடுகிறது. துறைமுகக் கப்பலாகத்தான் இருக்கும். ஆனாலும் எழுந்து போய்ப் பார்க்காமல் படுக்க முடியாது.